அடியில் போட்ட ஜல்லி காப்பாற்றாது: மாடித்தோட்டம் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பூச்சி, காய்ப்பு, உரம் எல்லாவற்றையும் மிஞ்சி ஒரு குவியல் உயரமாக நின்றது. தொட்டியில் தண்ணீர் வடியவில்லை, வேர் அழுகுகிறது, என்ன செய்யலாம்? ஐப்பசி அடைமழைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. மண்ணை மாற்ற இதுதான் சரியான நேரம். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"அக்கா, 12 அங்குலத் தொட்டிகளில் ரோஜாவும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறேன். தொட்டிக்கு ஐந்து ஓட்டை. அடியில் 2 அங்குலம் கருங்கல் ஜல்லி பரப்பி, அதன் மேல் செம்மண்ணும் சாணி உரமும் போட்டேன். போன மழையில் இரண்டு ரோஜா போய்விட்டது. வேர் கறுத்து நாறியது. இந்த முறை ஜல்லியை 4 அங்குலமாக ஏற்றலாமா?"
- வாசகி, தாம்பரம்

வேண்டாம். இருக்கிற ஜல்லியையும் எடுத்துவிடுங்கள்.

நானும் பல வருஷம் இப்படித்தான் செய்தேன். அம்மா ஓட்டாஞ்சில்லு பரப்பி அதன் மேல் மண் போடுவார், அதைப் பார்த்து வந்த பழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த மூன்றாம் நாள் மாடிக்குப் போனேன். ஏழு வயதுக் கறிவேப்பிலை, இலையெல்லாம் மஞ்சளித்துத் தொங்கியது. தொட்டியைப் படுக்க வைத்து, விளிம்பைத் தட்டி, மண்ணை அப்படியே உருவினேன். மேலே நாலு விரல் அளவுக்கு மண் நன்றாகத்தான் இருந்தது, பிசைந்தால் உதிர்ந்தது. கீழே போகப் போகக் கறுத்தது. ஜல்லிக்கு நேர் மேலே இருந்த மண் களி மாதிரி ஆகி, அழுகின முட்டை வாடை அடித்தது. ஆனால் அதற்கும் கீழே ஜல்லிக் கற்களுக்கு நடுவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் காற்றுதான் இருந்தது. ஓட்டைகள் அடைபடவும் இல்லை. தண்ணீர் மண்ணிலேயே நின்றுவிட்டது, ஜல்லிக்குள் இறங்கவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஏன் இறங்கவில்லை? விளக்குத் திரியை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் அதில் தானாகவே மேலே ஏறி நிற்கிறது. மண்ணில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளும் அந்தத் திரி மாதிரிதான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் கீழே விடாது. ஜல்லியில் இருக்கும் இடுக்குகள் பெரியவை. அவற்றுக்குத் தண்ணீரை இழுக்கும் சக்தி கிடையாது. அதனால் ஜல்லிக்கு நேர் மேலே இருக்கும் மண் முழுக்க ஊறி, இனி தாங்காது என்ற நிலை வரும்வரை ஜல்லிக்குள் ஒரு சொட்டும் இறங்காது. இறங்கினாலும் மிச்சம் மீதிதான் இறங்கும். மண்ணின் கடைசி சில அங்குலம் எப்போதும் சொதசொதவென்றே இருக்கும். இந்த ஈரப் பட்டையின் உயரம் மண்ணைப் பொறுத்தது, தொட்டியைப் பொறுத்தது அல்ல. உங்கள் மண்ணில் அது 3 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லி இல்லாவிட்டால் அந்த 3 அங்குலம் தொட்டியின் அடியில் கிடக்கும். 2 அங்குலம் ஜல்லி போட்டால் அது அப்படியே 2 அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். 4 அங்குலம் போட்டால் இன்னும் மேலே. ஜல்லி போட்டு நாம் தொட்டியைக் குட்டையாக்குகிறோம், வேறொன்றும் நடப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். பிழியாமல் உள்ளங்கையில் படுக்கையாக ஏந்திப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது அதை நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். குழாய் திறந்த மாதிரி மறுபடியும் கொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். உயரம் கூடியதும் கீழே தள்ளும் பாரம் கூடியது, அவ்வளவுதான். குட்டைத் தொட்டியில் செடி சீக்கிரம் அழுகுவதும் உயரத் தொட்டியில் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

இந்த மழைக்கே உதவும் ஒரு வழி இதிலேயே இருக்கிறது. மழை விட்டதும் தொட்டியின் ஒரு பக்கம் செங்கல்லை முட்டுக்கொடுத்து நன்றாகச் சாய்த்து வையுங்கள். ஓட்டை இருக்கும் பக்கம் தாழ்வாக இருக்கட்டும். ஸ்பாஞ்சை நிறுத்தியது போலத்தான். நின்றுபோன சொட்டு மறுபடி தொடங்கும். அரை மணி நேரத்தில் தரையில் ஒரு குட்டைத் தண்ணீர் நிற்பதைப் பார்ப்பீர்கள். இன்னொரு வழி, பழைய டெரிகாட்டன் துணியை விரல் தடிமனுக்குத் திரித்து, நனைத்து, ஓட்டை வழியே உள்ளே நாலு அங்குலம் செருகி, வெளியே நாலு அங்குலம் தொங்க விடுவது. தொட்டி செங்கல் மேல் உயரமாக இருக்க வேண்டும். திரி தேங்கிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே இழுத்துவிடும். பருத்தித் துணி சீக்கிரம் மக்கிவிடும், வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு மண் கலவையை மாற்றுவதுதான். அடியில் கொட்டிய ஜல்லியை மண் முழுக்கக் கலந்திருந்தால் உங்கள் ரோஜா பிழைத்திருக்கும். என் தொட்டிகளுக்கு நான் கலப்பது இது: சலித்த செம்மண் 2 சட்டி, கழுவிய தேங்காய் நார்க்கழிவு 2 சட்டி, நன்றாக மக்கிய தொழு உரம் 1 சட்டி, கொரகொரப்பான பொருள் 3 சட்டி. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அது செங்கல் உடைசலாக இருக்கலாம், பொடி ஜல்லியாக இருக்கலாம், அடுப்புக்கரித் துண்டாக இருக்கலாம். அளவு துவரம்பருப்புக்கும் பட்டாணிக்கும் நடுவில் இருக்க வேண்டும். உடைத்த பிறகு மாவு சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைத் தூக்கிப் போடுங்கள். பலர் இந்த ஒரு வேலையை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூள் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். ஓட்டையின் மேல் மண் கொட்டாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும், அல்லது ஒரு துண்டு கொசுவலை.

தொட்டியில் நிரப்பும்போது கையால் அழுத்தவே கூடாது. தொட்டியைத் தரையில் இரண்டு முறை தட்டுங்கள், தண்ணீர் விடுங்கள், அதுவாக அமரட்டும்.

வேர் ஏன் அழுகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேரும் மூச்சு விடுகிறது. காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம் சுமார் 10,000-இல் ஒரு பங்குதான். இடுக்கெல்லாம் தண்ணீராக நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. அதன் பிறகு பித்தியம் மாதிரியான அழுகல் நோய்க் கிருமிகள் அந்தத் தண்ணீரிலேயே நீந்தி வந்து மிச்சத்தைத் தின்கின்றன. பூஞ்சை மருந்து ஊற்றுவதற்கு முன்னால் தண்ணீர் வடிய வழி செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

"எங்கள் ஊரில் கரிசல் மண்தான். தோட்டத்து மண்ணையே தொட்டிக்கு எடுத்தேன். மணல் கலந்தால் தண்ணீர் வடியும் என்றார்கள். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் கலந்தேன். காய்ந்த பிறகு செங்கல் போல இறுகிவிட்டது. ஏன்?"
- வாசகர், கோவில்பட்டி

பருத்திக்கும் கம்புக்கும் கரிசலைப் போல ஒரு மண் கிடையாது. நிலத்தில் மழை ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால்தானே உங்கள் பக்கம் மானாவாரி வெள்ளாமை நடக்கிறது. தொட்டிக்குள் அந்த நல்ல குணமே எமனாகிவிடுகிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்.

மணல் விஷயத்தில் நடந்தது என்னவென்று சொல்கிறேன். ஒரு கூடை எலுமிச்சம்பழத்தில் ஒரு படி மாவைக் கொட்டினால் பழங்களுக்கு நடுவில் இருந்த சந்தெல்லாம் மாவால் அடைபடும். ஒரு மூட்டை மாவுக்குள் நாலு எலுமிச்சம்பழத்தைப் போட்டால் மாவு மாவாகவே இருக்கும், பழம் அதற்குள் புதைந்து கிடக்கும். உங்கள் தொட்டியில் நடந்தது இரண்டாவது. களிக்குள் மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகப் புதைந்துவிட்டன. புதிதாக ஒரு சந்தும் பிறக்கவில்லை. மணல் வேலை செய்ய வேண்டுமானால் அதுதான் கலவையில் பெரும்பங்காக இருக்க வேண்டும், அதுவும் பருமணலாக.

கரிசலை விட மனமில்லை என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். மற்ற நாலு பங்கும் நார்க்கழிவு, மக்கிய உரம், உமி, செங்கல் உடைசல் என்று இருக்கட்டும். அந்த ஒரு பங்கு சத்தைப் பிடித்து வைக்கும், அதனால் நன்மைதான். எம்-சாண்ட் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாறையை உடைத்துச் செய்வது அது, கல் மாவு நிறைய இருக்கும். வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கிளறி, பால் போல எழும் கலங்கலைக் கொட்டிவிட்டு, தெளியும்வரை அலசுங்கள். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் இன்னும் பொடி, அது தொட்டிக்கு ஆகாது. கடல் மணல் உப்பு.

"5 கிலோ நார்க்கழிவுக் கட்டி வாங்கி, அதோடு மண்புழு உரம் மட்டும் கலந்து தக்காளி வைத்தேன். மேலே தொட்டால் காய்ந்திருக்கிறது, தினமும் தண்ணீர் விடுகிறேன். இலை நுனி கருகுகிறது. பைக்குள்ளிருந்து குட்டிக் குட்டிக் கொசு பறக்கிறது."
- வாசகி, கோவை

மேலே தொட்டுப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நார்க்கழிவு மேலாகக் காய்ந்து வெளிறிக் கிடக்கும், இரண்டு விரல் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைப் பையின் அடிவரை செருகி, பத்து நிமிஷம் விட்டு உருவிப் பாருங்கள். எதுவரை நனைந்து கறுத்திருக்கிறதோ அதுவரை ஈரம் இருக்கிறது. மேல் மூன்றில் ஒரு பங்கு வெளிறியிருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். பழகிய பிறகு ஈர்க்கும் வேண்டாம், பையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். அந்தக் குட்டிக் கொசுக்களின் புழுக்கள் மேல்மண் ஈரத்தில்தான் வளரும். மேலே ஓரங்குலம் காய விட்டால் அவை தானாகக் குறையும்.

நுனி கருகலுக்கு உப்பும் காரணமாக இருக்கலாம். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுக்கும் இடங்களிலிருந்து வரும் கழிவில் சோடியம் ஏறியிருக்கும். பொட்டாசியம் அதில் இயல்பாகவே அதிகம். கட்டியை உடைத்து ஊறவைத்து, துணியில் கட்டி வடித்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மூன்று முறையாவது அலச வேண்டும். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். கடைசித் தண்ணீர் வெளிறிய தேநீர் போல வந்தால் நிறுத்தலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, குடிநீருக்கு வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இருந்தால் குழாய்த் தண்ணீரையும் அலசிய தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டும் நெருங்கி வரும்வரை அலசினால் கவலை இல்லை.

5 கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும். அத்தனையும் பொடியாக இருந்தால் கொஞ்ச நாளில் அமுங்கி மெத்தை போல ஆகிவிடும். நான் பொடியோடு மட்டைச் சில்லு பாதிக்குப் பாதி சேர்க்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே சில்லு தாராளமாகக் கிடைக்கும். விரல் நகம் அளவில் வெட்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.

"என் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய மறுநொடி கீழே ஓடிவிடுகிறது. வடிகால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? செடி மட்டும் ஏன் வாடுகிறது?"
- வாசகர், திருச்சி

ஓடுவது வேறு, வடிவது வேறு. வெயிலில் மண் காய்ந்து சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். விளிம்பில் ஒரு நூல் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் ஊற்றுவதெல்லாம் அந்தச் சந்து வழியாக ஓடிவிடுகிறது, நடுமண்ணைத் தொடுவதே இல்லை. ஒரு தடவை நன்றாகக் காய்ந்த கலவை தண்ணீரை லேசில் ஏற்கவும் செய்யாது. தொட்டியை அப்படியே ஒரு டப்பில் பாதி உயரத் தண்ணீரில் இறக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை விட்டு, எடுத்து வடியவிட்டு, விளிம்புச் சந்தில் கலவை தூவி அடையுங்கள். இனி ஒரே மூச்சில் ஊற்றாமல் கொஞ்சம் விட்டுக் கால் மணி கழித்து மீதியை விடுங்கள்.

"நல்ல கலவை, கெட்ட கலவை என்று கையால் பிடித்துப் பார்த்துச் சொல்கிறீர்கள். எண்ணால் அளக்க வழி இருக்கிறதா?"
- கல்லூரி மாணவர், சேலம்

இப்படி ஒரு கேள்வி வரவேண்டும் என்று காத்திருந்தேன், தம்பி. வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பெயின்ட் வாளியே போதும்.

வாளியின் அடியில் ஓட்டைகள் போட்டு அவற்றை டேப்பால் இறுக்கி ஒட்டு. 10 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, அது நிற்கும் இடத்தில் கோடு போட்டுக்கொள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய கலவையை அந்தக் கோடுவரை நிரப்பு, அழுத்தாதே. ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விட்டு, மேல்மட்டத்தில் பளபளப்பு தெரியும்போது நிறுத்து. கலவை ஊறி அமர அரை மணி கொடு. மட்டம் இறங்கினால் கலவையும் தண்ணீரும் சேர்த்துக் கோட்டுக்குக் கொண்டு வா. இப்போது வாளியைக் கற்கள் மேல் வைத்து, கீழே அகலமான தட்டு வைத்து டேப்பை உரி. சொட்டுவது நிற்கும்வரை வடிந்த தண்ணீரை அளந்து பார். வெளியேறிய தண்ணீரின் இடத்தில் இப்போது காற்று இருக்கிறது. 10 லிட்டர் கலவையில் 1.5 லிட்டர் வடிந்தால் காற்றிடம் 15 சதவீதம்.

காய்கறி, ரோஜா, மல்லிக்கு 10 முதல் 20 சதவீதம் இருந்தால் நிம்மதி. அடீனியம் மாதிரி, கிழங்கு போலப் பருத்த அடித்தண்டில் தண்ணீர் சேர்த்து வைக்கும் செடிக்கு 25-க்கு மேல் போகலாம். கீரை இதைவிடக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். என் கறிவேப்பிலை செத்த தொட்டியின் மண்ணைக் காயவைத்து, உதிர்த்து இப்படி அளந்தேன். 300 மில்லி வடிந்தது, வெறும் 3 சதவீதம். அந்தத் தொட்டியில் அது அத்தனை வருஷம் உயிரோடு இருந்ததே பெரிது. மேலே சொன்ன 2-2-1-3 கலவை 1 லிட்டர் 600 மில்லி தந்தது. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். குட்டை வாளியில் அளந்தால் எண் குறையும், உயர வாளியில் கூடும். ஸ்பாஞ்ச் கதைதான். கலவைகளை ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே வாளியில் அளந்து பார்.

"பெர்லைட் விலை கட்டுப்படியாகவில்லை. மாற்று சொல்லுங்கள்."
- வாசகி, தஞ்சாவூர்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு பெர்லைட்டுக்கு ஏன் செலவு? பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறை. 900 டிகிரி அளவில் சூடேற்றும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிச் சோளப்பொரி போலப் பொரிகிறது. நல்ல பொருள்தான், ஆனால் மழையில் மிதந்து மேலே வந்துவிடும். பக்கத்து அரைவை ஆலையில் உமி வாங்குங்கள். அதில் சிலிக்கா அதிகம், அதனால் மெதுவாகத்தான் மக்கும். கலவையில் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். புழுங்கல் நெல் உமியாகக் கேளுங்கள். அந்த நெல் ஏற்கெனவே வெந்தது, தப்பி வந்த நெல் தொட்டியில் முளைக்காது. கருக்கிய உமி கிடைத்தால் இன்னும் நல்லது. சாம்பலாகும் அளவுக்கு எரிந்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது பொடி, சந்தை அடைக்கும்.

"சின்ன அடீனியம் கன்றை இனிமேல் மாற்ற வேண்டாமே என்று 18 அங்குலத் தொட்டியில் வைத்தேன். கிழங்கு மெத்தென்று ஆகிவிட்டது."
- வாசகர், காரைக்கால்

சின்ன வேர் பெரிய தொட்டியின் ஈரத்தைக் குடித்து முடிக்காது. உடனே வெளியே எடுங்கள். மெத்தென்று இருக்கும் பகுதியை, உள்சதை வெள்ளையாகத் தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவிவிட்டு, வெட்டிய இடத்தில் பட்டைத்தூள் அல்லது மஞ்சள்தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். பிறகு கிழங்கைவிட இரண்டு விரல் மட்டுமே அகலமான தொட்டியில், பாதிக்கு மேல் செங்கல் உடைசல் இருக்கும் கலவையில் நடுங்கள். துளிர் தெரியும்வரை உரம் வேண்டாம்.

"க்ரோ பேக்கில் ஓட்டை இருந்தும் மழையில் தண்ணீர் நிற்கிறது. இந்த ஐப்பசிக்கு முன்னால் என்ன செய்து வைக்கட்டும்?"
- வாசகி, வில்லிவாக்கம்

பை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வழவழப்பான தளத்தில் நேராக வைத்திருந்தால் பையின் அடி தரையோடு ஒட்டி, ஓட்டை மூடிக்கொள்ளும். இரண்டு செங்கல் மேலோ பழைய குழாய்த் துண்டுகள் மேலோ ஏற்றுங்கள். தளத்துக்கும் ஈரம் கட்டாது. சில பைகளில் பக்கவாட்டில் ஓரங்குலம் மேலே ஓட்டை இருக்கும். அந்த ஓரங்குலத் தண்ணீர் எங்கே போகும்? அடியில், தையல் ஓரமாக நாலு ஓட்டை நீங்களே போடுங்கள். பழைய பைகளில் வேரும் வண்டலும் ஓட்டையை அடைத்திருக்கும், குடைக்கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தட்டுகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இரண்டு வருஷம் ஆன பையில் கலவை கால்வாசி இறங்கியிருந்தால், உரம் மக்கிப் பொடியாகி அமுங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே புது உரம் கொட்டி நிரப்பாதீர்கள். செடி முடிந்த பைகளைக் கவிழ்த்து, வெயிலில் பரப்பி, மூன்றில் ஒரு பங்கு செங்கல் உடைசல் கலந்து திரும்ப நிரப்புங்கள். செடி இருக்கும் பைகளில் கை வைக்க வேண்டாம். மழை விட்டு வெயில் வந்ததும் சாய்த்து வைக்க, பைக்கு ஒரு செங்கல் வீதம் இப்போதே மாடியில் ஏற்றி வைத்துவிடுங்கள். எத்தனை பை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போங்கள், எனக்குப் போன வருஷம் பதினொரு செங்கல் குறைந்தது.